செவலையும் நானும் ஒரு சைக்கிளும்

போன செவ்வாய்க்கிழமை காலை. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எதிரே ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்தான். கல்லூரியில் படிக்கிற வயது இருக்கும். வலது கை ஆக்சிலேட்டரில், இடது கையில் ஒரு சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் ஒரு லேப்ரடார். நல்ல கொழுத்த நாய். நாக்கு ஒரு பக்கம் தொங்க, வண்டிக்கு ஈடுகொடுத்து ஓடி வந்தது. பையன் காதில் பாட்டு. வண்டி இருபதைத் தாண்டவில்லை. அவன் கணக்கில் அது மெதுவாகப் போவது.

நான் கையைக் காட்டினேன். நிறுத்தினான். "தம்பி, நாய்க்கு ரொம்ப மூச்சு வாங்குதுப்பா" என்றேன்.

"வெயிட் குறையணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க தாத்தா. டெய்லி இப்படித்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பாலை அடுப்பில் வைத்தபடியே, வாசல்படியில் படுத்திருந்த செவலையைப் பார்த்தாள். "உங்க கதையைச் சொன்னீங்களா அவன்கிட்ட?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்று வருடங்களுக்கு முன்னால். கோவில்பட்டிப் பக்கம் இருக்கிற என் மைத்துனர் ஒரு நாள் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே ஒரு சிப்பிப்பாறைக் குட்டி. செம்மண் நிறம். பெயர் யோசிக்க வேண்டிய வேலையே இல்லை, பார்த்ததும் என் மனைவி "செவலை" என்றாள், அதுவே நின்றுவிட்டது.

நம் பக்கத்து நாய்களில் ராஜபாளையத்துக்குத்தான் பெயர் அதிகம். 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. சிப்பிப்பாறைக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் ஓட்டம் என்று வந்தால் சிப்பிப்பாறையும் கன்னியும்தான். கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த சாதி. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுகிற நாய். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், மூளைக்குச் செய்தி போவதற்கு முன்னால் கால் கிளம்பிவிடும். இதை நான் ஒரு பெருமையாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பேர்ப்பட்ட நாயைப் பெருமாள்புரத்தில் ஒரு கார் நிற்கிற அளவு முற்றத்தில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மூன்று ஜோடி செருப்பு போயிற்று. துணி காயப்போடுகிற கொடியில் என் வேட்டி பாதி கிழிந்து தொங்கியது. "இதை ஓட விடணும், இல்லேன்னா வீட்டைத் தின்னுரும்" என்றார் மைத்துனர் போனில்.

ஓட விட நான் ஓட வேண்டுமே. 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவன் நான். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. எலும்பு டாக்டர், "ரொம்ப நடக்காதீங்க, சைக்கிள் மிதிங்க, மூட்டுக்கு நல்லது" என்று சொல்லியிருந்தார். அந்தச் சமயம் பார்த்து ஜெர்மனியில் இருக்கிற என் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அவர்கள் ஊரில் ஒரு பெரியவர் சைக்கிளில் போகிறார், பக்கத்தில் ஒரு நாய் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. "அப்பா, இதைப் பாருங்க, உங்களுக்கும் செவலைக்கும் சரியா இருக்கும்" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சைக்கிள், அதற்கு ஓட்டம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன்.

பரணில் கிடந்த பழைய ஹெர்குலஸை இறக்கி டியூப் மாற்றினேன். ஆறடி நைலான் கயிறு வாங்கி, ஒரு முனையைச் செவலையின் கழுத்துப் பட்டையிலும் மறுமுனையை ஹேண்டில்பாரிலும் கட்டினேன். கையில் பிடித்தால் பிரேக் பிடிக்க முடியாது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு சரி. ஹேண்டில்பாரில் கட்டினால் என்ன ஆகும் என்கிற கணக்கை நான் போடவில்லை.

முதல் பத்து நாள் எனக்கு இளமையே திரும்பி வந்த மாதிரி இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். என்.ஜி.ஓ. காலனி தாண்டி ரெட்டியார்பட்டி மலை தெரிகிற வரைக்கும் போய்த் திரும்புவோம். போக வர ஏழெட்டுக் கிலோமீட்டர். செவலை காதை மடக்கிக்கொண்டு ஓடுகிற அழகைப் பார்க்க டீக்கடையில் நாலு பேர் நிற்பார்கள். "என்ன அண்ணாச்சி, நீங்க நாயை ஓட்டுதியளா, நாய் உங்கள ஓட்டுதா?" என்று கடைக்காரர் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்போது செவலைக்கு வயது ஒன்பது மாதம். இந்த வயதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாயை முதலில் இடது பக்கம்தான் ஓடவிட்டேன். ஆனால் நம் ஊர் ரோட்டின் இடது ஓரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நிறுத்தி வைத்த கார், கொட்டி வைத்த ஜல்லி, மூடாத சாக்கடை, பாட்டில் சில்லு. அதற்கு மேல் ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு நாய்க்கூட்டம். தெரு நாய்க்கு அதன் தெரு ஒரு ராஜ்ஜியம். நடந்து போகிறவனை அது முறைத்துவிட்டு விட்டுவிடும். வேகமாகப் போகிற சக்கரமும், கூடவே ஓடுகிற அந்நிய நாயும் எல்லைக்குள் நுழைந்தால் சும்மா விடாது. இரண்டு தடவை கூட்டமாக விரட்டின. நடந்து போனால் நின்று, கம்பைத் தட்டி, "போ" என்று அதட்டலாம். சைக்கிளில் இரண்டு கையும் ஹேண்டில்பாரில். கால் பெடலில். அதட்டுவதற்கு வாய் மட்டும்தான் மிச்சம்.

அதனால் செவலையை வலது பக்கம் மாற்றினேன். அதாவது, பஸ்ஸும் லாரியும் முந்திப் போகிற பக்கம். 31 வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் தெரிந்தே இதைச் செய்தேன்.

அடுத்து நேரத்தை மாற்றினேன். மே மாதம் வந்தது. ராத்திரி புழுக்கத்தில் தூக்கம் வராமல், காலையில் எழுந்திருக்க முடியவில்லை. சாயங்காலம் நாலரைக்கு மேல் போகலாம், வெயில் தாழ்ந்துவிடுமே என்று நினைத்தேன். வெயில் தாழ்ந்தது உண்மைதான். ரோடு தாழவில்லை. நாள் முழுக்க அக்னி நட்சத்திர வெயிலைக் குடித்த தார் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அதைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும். காற்றில் 37, 38 டிகிரி செல்சியஸ் என்றால் வெயில் பட்ட தார்ச்சாலை 50-ஐச் சுலபமாகத் தாண்டும். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரண்டு டயர் இருந்தது. மிதிக்க மிதிக்க முகத்தில் காற்று வேறு. சுகமாகத்தான் இருந்தது.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. மணி ஐந்து இருக்கும். கிளம்பும்போதே செவலை வாசலில் கொஞ்சம் தயங்கியது. வாலை ஆட்டியது, ஆனால் படி இறங்கவில்லை. "சோம்பேறி, வா" என்று கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தேன். வந்துவிட்டது.

என்.ஜி.ஓ. காலனி தாண்டியதும் ரோட்டுக்கு வலது பக்கம் ஒரு காலி மனை. அங்கே இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று துள்ளியது. அவ்வளவுதான். செவலை குலைக்கவில்லை, உறுமவில்லை. இரண்டே பாய்ச்சல். கயிறு இறுகி ஹேண்டில்பார் வலது பக்கமாக ஒரே வெட்டு வெட்டியது. நான் சைக்கிளோடு நடு ரோட்டில் விழுந்தேன், வலது கையை ஊன்றி.

பின்னால் பிரேக் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஏர் பிரேக்கை அடியோடு மிதித்தால் வருகிற சத்தம். திரும்பிப் பார்க்க முடியவில்லை. என் கண்ணுக்கு நேரே செவலைதான் தெரிந்தது. விழுந்த சைக்கிள் இன்னும் அதன் கழுத்தில் கட்டியிருந்தது. சத்தத்தில் மிரண்டு, அந்தச் சைக்கிளையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. ஓட ஓட, பின்னால் வருகிற இரும்புச் சத்தத்துக்குப் பயந்து இன்னும் ஓடியது. பத்தடி போய், பெடல் காலில் மாட்டி, அலறிக்கொண்டு விழுந்தது. அந்த அலறல் இப்போதும் சில ராத்திரி காதில் விழும்.

டவுன் பஸ் என் தலையிலிருந்து இரண்டு கஜ தூரத்தில் நின்றிருந்தது. டிரைவர் இறங்கி வந்தார். சின்ன வயசு. கை நடுங்கிக்கொண்டிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "பெரியவரே, உங்களைப் பார்த்தேன். ஓரத்தில ஏதோ நாய் ஓடுதுன்னும் பார்த்தேன். ரெண்டுக்கும் நடுவுல கயிறு இருக்கிறதைப் பார்க்கலையே."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும். சைக்கிள்காரனின் தோளும் தலையும் தெரியும். இரண்டடி உயர நாய் அவன் நிழல் மாதிரித்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. நைலான் கயிறு தெரிய வாய்ப்பே இல்லை. சைக்கிள்காரன் நேராகப் போவான் என்ற நம்பிக்கையில்தான் ஒரு டிரைவர் முந்துகிறான். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் நகரும். பார்த்து, புரிந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு விநாடி வேண்டும். அதே ஒரு விநாடியில் சிப்பிப்பாறை ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடும். சைக்கிள் ஓட்டுகிறவன் கையில் இருக்கிற முடிவை, நான் ஒரு ஒன்பது மாதக் குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பஸ் நின்ற வேகத்தில், நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு முன்னால் இருந்த கம்பியில் நெற்றி இடித்து வீங்கிவிட்டது. கண்டக்டர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சன்னல் வழியாக என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே ஐயா?" என்று கேட்டார். என் சர்வீஸில் சடன் பிரேக் அடித்து ஒரு பயணிக்கும் காயம் பட்டதில்லை என்று நான் பெருமை பேசுகிறவன். ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பஸ்ஸுக்கு வெளியே இருந்துகொண்டு அதைச் செய்தேன்.

எனக்கு வலது மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அது பெரிய விஷயம் இல்லை.

செவலையை ஆட்டோவில் போட்டு, என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பையனும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முன்னங்காலில் இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். மறுநாள் நானும் மாவுக்கட்டோடு போனேன். டாக்டர் ஒரு இளம்பெண். செவலையின் பின்னங்காலைத் தூக்கி, உள்ளங்காலை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

நாயின் பாதத்தில் கறுப்பாக மெத்தை மாதிரி இருக்குமே, அது நாலு காலிலும் தேய்ந்து, நடுவில் ரோஸ் நிறத்தில் சதை தெரிந்தது. ஓரங்களில் கொப்புளம் உடைந்த தோல்.

"இது நேத்து விழுந்ததில வந்தது இல்லை சார்" என்றார் அவர். "ஒரு வாரம், பத்து நாள் புண். எங்கே ஓட விடுறீங்க?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை என் பாஷையில் எழுதுகிறேன்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்குவதுதான் அதன் ரேடியேட்டர். உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். சும்மா இருக்கும்போதே அதன் உடல் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும், நமக்குக் காய்ச்சல் என்று சொல்கிற அளவு. வெயிலில் தொடர்ந்து ஓடினால் அது ஏறிக்கொண்டே போகும். 106-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மூக்கு சப்பையான பக், புல்டாக் மாதிரி நாய்களுக்கு அந்த ரேடியேட்டரே பாதிதான் வேலை செய்யும். கொழுத்த நாய்க்கும் வயதான நாய்க்கும் அப்படித்தான்.

அடுத்தது வயது. இந்த மாதிரி உயரமான நாய்களுக்கு எலும்பு வளர்ந்து முடிய ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். அதற்கு முன்னால் கெட்டியான ரோட்டில் தினமும் கிலோமீட்டர் கணக்கில் ஒரே சீராக ஓட வைத்தால் மூட்டு கெட்டுப்போகும். குட்டி விளையாடும்போதும் ஓடத்தான் செய்கிறது, ஆனால் அது ஓடும், நிற்கும், மோந்து பார்க்கும், படுக்கும், மறுபடி ஓடும். எப்போது நிற்பது என்று அதுவே முடிவு செய்யும். சைக்கிளில் கட்டினால் அந்த முடிவு நம் கைக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது, வேட்டை நாயின் ஓட்டம் வேறு. முயல் பின்னால் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ காற்றாகப் பாயும், அப்புறம் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடும் என்று நினைப்பது, நூறு மீட்டர் ஓடுகிறவனை மாரத்தானில் விடுவது மாதிரி. நாய் களைப்பில்லாமல் போகிற நடை ஒன்று உண்டு, குதிரை துடுக்குநடை போடுமே அது மாதிரி. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். நான் சாதாரணமாக மிதித்தாலே பதினைந்து. எனக்கு மெதுவு, அதற்குப் பாய்ச்சல்.

"கால் இப்படிப் புண்ணாயிருந்தா நொண்டியிருக்குமேம்மா, ஓடாம நின்னிருக்குமே?" என்று கேட்டேன்.

"நீங்க முன்னாடி போனா அது பின்னாடி வரும் சார். நாயில்லையா?" என்றார்.

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் படி இறங்காமல் தயங்கி நின்றதே, அதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குத் தெரிந்த பாஷையில் அது சொல்லிவிட்டது. நான்தான் சோம்பேறி என்றேன்.

நடந்து கூட்டிப் போயிருந்தால் இது நடந்திருக்காது. அதன் வேகம் குறைந்தால் என் கைக்குத் தெரிந்திருக்கும். ரோடு சுட்டால் ரப்பர் செருப்பையும் மீறி எனக்கும் கொஞ்சம் சுட்டிருக்கும். எனக்கே மூச்சு வாங்கி நின்றிருப்பேன், அதுவும் நின்றிருக்கும். சக்கரத்தில் ஏறி உட்கார்ந்தவனுக்கு இது எதுவும் தெரியாது. சைக்கிளுக்கே இப்படி என்றால், கையை முறுக்கினால் போகிற ஸ்கூட்டரில் உட்கார்ந்தவனுக்கு என்ன தெரியும்?

மகளிடம் போனில் எல்லாம் சொன்னேன். அழுதாள். தான் வீடியோ அனுப்பியதால்தானே என்று வருத்தப்பட்டாள். பிறகு அவளே அங்கே விசாரித்துச் சொன்னாள். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதியில் 28-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறதாம். மோட்டார் வாகனத்தில் இருந்துகொண்டு எந்தப் பிராணியையும் கூட ஓட்டிச் செல்லக் கூடாது. சைக்கிளில் இருந்து நாயை மட்டும் கூட்டிப் போகலாம். சைக்கிளுக்கு அனுமதி இருக்கிற அங்கேயும் அந்தப் பெரியவர் போனது காட்டுக்குள் மண் பாதை. அவர் நாயைக் கட்டியிருந்தது ஹேண்டில்பாரில் இல்லை, சீட்டுக்குக் கீழே பொருத்திய ஸ்பிரிங் கம்பியில். நான் அந்த வீடியோவில் நாய் ஓடுகிற அழகை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், ஒரு பிராணியை அடிப்பது, உதைப்பது இவற்றோடு சேர்த்து, வலியோ வேதனையோ உண்டாகும்படி அளவுக்கு மீறி ஓட்டுவதையும் வதை என்றுதான் எழுதியிருக்கிறது. நம் வசம் உள்ள பிராணியால் மற்றவர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் தடுக்க வேண்டியதைச் செய்யாமல் அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அம்மாவின் நெற்றி வீக்கத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பிரிவு ஞாபகம் வரும். வீக்கத்தோடு போனது அவர் செய்த புண்ணியம், என் புண்ணியம் இல்லை.

இவ்வளவு படித்த பிறகும், சைக்கிளில் கூட்டிப் போகத்தான் வேண்டும் என்பவர்கள் இருப்பீர்கள். முழங்கால் வலி என்னோடு முடிந்து போகிற விஷயம் இல்லையே. உங்களுக்காகச் சிலதைச் சொல்கிறேன்.

பொது ரோட்டை மறந்துவிடுங்கள். மண் தரை, மைதானம், வண்டி வராத குளத்தங்கரை, இப்படி இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். நாய்க்கு ஒன்றரை வயது ஆகட்டும். முதலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட நடந்து பழக்குங்கள், சக்கரத்தைப் பார்த்து அது பயப்படவும் கூடாது, அதோடு விளையாடவும் கூடாது. கயிற்றை ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள், கையிலும் சுற்றிக்கொள்ளாதீர்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் போடுங்கள், இழுபட்டால் கழுத்து நெரியாது. வண்டிகள் வருகிற பக்கம் நாய் வரவே கூடாது. அதன் துடுக்குநடைக்கு மேல் வேகம் கூட்டாதீர்கள். பாயத் தொடங்கினால் நீங்கள் அதிகம் என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று, அது படுக்கிறதா, தண்ணீர் கேட்கிறதா என்று பாருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே ஓட விடாதீர்கள், நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்கிற அபாயம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் நாலு காலையும் தூக்கிப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம். குனிந்து, புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதனாலும் முடியாது.

மோட்டார் வண்டியில் சங்கிலியோடு கூட்டிப் போவதைப் பற்றி நான் யோசனை சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு முறையும் கிடையாது.

செவலைக்கு உள்ளங்கால் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விரல் எலும்பு கூடிவிட்டது, ஆனால் சற்று வளைந்துதான் கூடியது. காலையில் எழுந்து முதல் பத்தடி நொண்டும். அப்புறம் சரியாகிவிடும். நானும் எழுந்ததும் முதல் பத்தடி நொண்டுவேன், முழங்கால். இரண்டு பேரும் சேர்ந்து வாசல் வரைக்கும் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்து என் மனைவி சிரிப்பாள். இப்போது நாங்கள் நடக்கத்தான் செய்கிறோம், விடியற்காலையில், அரை மணி நேரம், அதுவும் அது நிற்கிற இடத்திலெல்லாம் நின்று நின்று. பக்கத்துத் தெருவில் மதில் சுவர் போட்ட காலி மனை ஒன்று இருக்கிறது. சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அவிழ்த்து விடுகிறேன். நாலு சுற்று காற்றாக ஓடும். பிறகு வேப்பமர நிழலில் வந்து படுத்துக்கொள்ளும். அதன் தேவையே அவ்வளவுதான். சைக்கிளை நான் தனியாக மிதிக்கிறேன்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு, நேற்றுக் காலை பால் வாங்கப் போகும்போது செவலையையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பையன் வந்தான். நான் கையைக் காட்டவில்லை, அவனாகவே நிறுத்தினான். அவன் லேப்ரடாரும் செவலையும் ஒன்றையொன்று மோந்து பார்த்துக்கொண்டன.

"சிப்பிப்பாறையா தாத்தா? சூப்பரா இருக்கு. காலு ஏன் இப்படி இருக்கு?" என்றான்.

சொன்னேன். டீக்கடைச் சிரிப்பு, வலது பக்கம் மாற்றியது, வாசலில் தயங்கியது, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முழுக்கக் கேட்டான். காதில் இருந்ததையும் எடுத்துவிட்டுத்தான் கேட்டான். கடைசியில் தன் நாயின் காலைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. "தினமும் பாரு தம்பி" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தான். நாயும் எழுந்து கூடவே ஓடியது. முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போன மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. வயசான கண், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாளைக்கும் பால் வாங்கப் போக வேண்டும். செவலையையும் கூட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன்.